எவர்சில்வர் தூக்கில் வந்த லென்ஸ்

தூக்கின் மூடியைத் திறந்தால் சாம்பார் வாசனை வர வேண்டும். அதுதான் உலக வழக்கம். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மாடிப் போர்ஷனுக்கு வந்துகொண்டிருந்த அந்த எவர்சில்வர் தூக்கைத் திறந்தால் நூல் வாசனை வரும். கஞ்சி போட்டுக் காயவைத்த பாவு நூலின், லேசாகப் புளித்த வாசனை. உள்ளே தறியில் கழிந்த நூல் பந்து பந்தாக அடைத்திருக்கும். அதற்கு நடுவே, குருவிக் கூட்டில் முட்டை கிடப்பதுபோல, ஒரு லென்ஸ். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார் பாவா. ஒருமுறை பக்கத்து சீட்டு அம்மாள், “இன்னா கொழம்பு?” என்று கேட்டாராம். “கண்ணுக் கொழம்புமா” என்று இவர் சொல்ல, அந்த அம்மாள் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாராம்.

பாவா என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்துப் பேச்சில் தமிழ் பாதி, தெலுங்கு பாதி. அத்தானை விட்டுவிட்டுப் பாவாவைப் பிடித்துக்கொண்டவர்கள் நாங்கள். அவருக்குப் பள்ளிப்பட்டில் லுங்கி நெய்யும் விசைத்தறிகள் சில இருந்தன. எனக்குத் திருத்தணி தாலுகா ஆபீசில் ஒரு நாற்காலி இருந்தது. என் சொத்து என்று பார்த்தால் அந்த நாற்காலிகூட அரசாங்கத்துடையது. அப்பா, அம்மா இருவரும் முன்னாலேயே போய்விட்டார்கள். எனக்குப் பெண் பார்த்த படலம் தனியாக எழுத வேண்டிய விஷயம். சுருக்கமாகச் சொன்னால், எல்லாப் பெண்களும் தப்பித்தார்கள். ஆக, எனக்கென்று இருந்த ஒரே மனுஷி அக்கா. அவளும் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில், ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வராமல் போனாள். குழந்தை இல்லை.

காரியத்துக்குச் சட்டம் போட்ட படம் வேண்டுமென்றார்கள். தேடிப் பார்த்தால் அக்காவுக்குத் தனியாக ஒரு படம்கூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தை அவளைப் பெற்றவளே வந்தாலும் அடையாளம் சொல்லியிருக்க மாட்டாள். கடைசியில் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் எடுத்த கூட்டப் படம் கிடைத்தது. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவளைச் சுற்றியிருந்த சனங்களையெல்லாம் அழித்துக் கொடுத்தார். அவள் தோளில் பின்னாலிருந்து யாரோ வைத்திருந்த கையை மட்டும் அழிக்க முடியவில்லை. புடவை நிறத்தை அதன்மேல் பூசிவிட்டார். இன்றும் உற்றுப் பார்த்தால் அக்காவின் தோளில், புடவை நிறத்தில், யாருடையதென்றே தெரியாத ஐந்து விரல்கள் தெரியும். மாலை போட்டால் மறைந்துவிடும். மாலை வாடி இறங்க இறங்க ஒவ்வொரு விரலாக வெளியே வரும்.

அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுதான் பாவா சொன்னார்: “ஒரு கேமரா வாங்கியிருக்கணும் மச்சான்.”

“இப்ப வாங்கலாம் பாவா” என்றேன். யாரை எடுக்க என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா இருந்தவரை எனக்கும் அவருக்கும் நடுவே பேச்சு என்று ஒன்று இருந்ததே இல்லை. அவள் பேசுவாள்; நாங்கள் இருவரும் கேட்போம். அவள் போன பிறகு, ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ரேடியோ நின்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். இனி அவர் எதற்குத் திருத்தணிக்கு வர வேண்டும்? நான் எந்த முகத்தோடு பள்ளிப்பட்டுக்குப் போக வேண்டும்? நடுவில் இருந்த ஆள் எழுந்து போனால் மச்சானும் பாவாவும் ஒரே பஸ்ஸில் போகும் இரண்டு ஆம்பளைகள், அவ்வளவுதான். அந்த இடத்துக்குத்தான் கேமரா வந்தது. ஃபிலிம் ரோல் போடும் கேமராக்களின் இடத்தில், லென்ஸை மாற்றி மாற்றிப் பூட்டும் டிஜிட்டல் கேமராக்கள், என்னைப் போன்ற குமாஸ்தாக்களும் கனவு காணலாம் என்கிற உயரத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்த காலம் அது.

நான் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கேமரா விவரங்களைப் பிரிண்ட் எடுத்து வைப்பேன். ஞாயிறு காலை பஸ்ஸில் பாவா வருவார். டீக்கடை பெஞ்சில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவோம். எனக்கு இங்கிலீஷ் பாதி புரியும். புரியாத பாதியை நானே சொந்தமாகத் தயாரித்துச் சொல்வேன். தாலுகா ஆபீசில் பழகியவனுக்கு அது ஒரு கஷ்டமா? லென்ஸின் துவாரத்துக்கு நம்பர் குறையக் குறைய வெளிச்சம் கூடும் என்று படித்தபோது, அச்சுப் பிழை என்று நினைத்து அதைத் தலைகீழாகத் திருத்திச் சொல்லிக்கொடுத்தேன். ரொம்ப நாளைக்கு நாங்கள் இருவரும் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தோம்.

பெரிய கம்பெனிகள் இரண்டு. தோளில் மாட்டும் வாரின் நிறத்தைப் பார்த்து, ஒன்றுக்கு மஞ்சப்பட்டை என்றும் மற்றதற்குச் செவப்புப்பட்டை என்றும் பாவா பெயர் வைத்தார். ஒன்றின் லென்ஸ் மற்றதன் பாடியில், அதாவது கேமராவின் உடம்பில், பொருந்தாது. இதை எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. “சம்பந்தம் மாதிரி மச்சான். ஒரு தபா ஒரு வூட்ல பண்ணிட்டா, அப்புறம் எடுக்குறது குடுக்குறது எல்லாம் அங்கதான்.” அதைவிடத் தெளிவாக எந்த விவரக் காகிதமும் எனக்குச் சொன்னதில்லை.

சண்டை வந்தது லென்ஸில்தான். அவருக்கு நீளமான ஜூம் வேண்டும். “மலை மேல நின்னுகினு பாத்தா, பள்ளிப்பட்டுல என் தறி ஓடுதா நிக்குதான்னு தெரியணும்” என்பார். எனக்குக் குட்டையான ஐம்பது எம்.எம். லென்ஸ் வேண்டும். அதில் ஜூம் கிடையாது. ஆனால் முகம் துல்லியமாக வரும், முகத்துக்குப் பின்னால் உள்ளதெல்லாம் பனி மாதிரி கலங்கிப் போகும்.

“பின்னாடி இன்னாத்துக்குக் கலங்கணும்? காசு குடுத்து வாங்குறோம், முழுசாத் தெரிய வேணாமா?”

“மொகம்தான் முக்கியம் பாவா.”

“சரி. கிட்ட பாக்கணும்னா?”

“நாமதான் நடந்து கிட்ட போகணும்.”

“நடந்தே போறதுன்னா லென்ஸ் எதுக்குடா? செருப்பு வாங்கு போதும்.”

விவாதம் முற்றினால் மலைக்குப் போய்விடுவோம். கேமரா இல்லாத குறையே தெரியாது. இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சட்டம் கட்டி, அதற்குள் ஆட்களை வைத்துப் பார்ப்போம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குடும்பங்கள் வரிசையாகப் படியிறங்கி வரும். அப்பா மொட்டை, பிள்ளை மொட்டை, கைக்குழந்தை மொட்டை. வெயிலில் மஞ்சளாக மினுக்கும். பாவா விரல் சட்டத்துக்குள் ஒரு கண்ணை வைத்து, “கிளிக்” என்று வாயாலேயே சொல்வார். பிறகு என் பக்கம் திரும்பி, “பின்னாடி கலங்கிச்சா?” என்று கேட்பார். நான் விரலுக்குள் பார்த்து, “ஆங், நல்லாக் கலங்கிச்சு பாவா” என்பேன். ஒருமுறை சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்களை நிஜப் போட்டோகாரர்கள் என்று நினைத்து, வரிசையாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தது. எங்கள் கைகளில் கேமரா இல்லாததைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெரியவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். பாவா சிரித்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். “ரெண்டு பேருக்கும் நேர்த்திக்கடன் பாக்கி போல கீதுன்றார்” என்றார்.

இப்படியே ஒரு ஆடிக் கிருத்திகை போய் அடுத்த ஆடிக் கிருத்திகையும் வந்தது. வாங்கும் பேச்சு மட்டும் முடியவில்லை. புது மாடல் வருகிறதாம், பொறுப்போம் என்று நான் சொல்வேன். தீபாவளிக்கு இறங்கும், பார்ப்போம் என்று அவர் சொல்வார். என் பக்கத்துக் காரணம் எனக்குத் தெரியும். வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிறு அவர் எதைப் பேச வருவார்? அவர் பக்கத்துக் காரணமும் அதுவாகவே இருக்கும் என்று நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன். கொஞ்சம் அதுதான். கொஞ்சம் வேறு.

மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் பலமுறை போனோம். ஒரே கடை, ஒரே விற்பனைப் பையன். எங்களைப் பார்த்தாலே அவன் முகம் பாவாவின் பாஷையில் கலங்கிப் போகும். மஞ்சப்பட்டையைக் கையில் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்ப்போம். செவப்புப்பட்டையை வாங்கிப் பார்ப்போம். “வீட்ல பேசிட்டு வரோம்” என்று கும்பிட்டுவிட்டு வருவோம். எந்த வீடு, யாரிடம் பேச? எதிர்ப்பக்கத்தில் பஜ்ஜி தின்றுவிட்டு ரயில் ஏறிவிடுவோம். கடைசியாகப் போன அன்றைக்கு அந்தப் பையன் தாங்காமல் கேட்டே விட்டான்: “ஏன் சார், நீங்க கேமரா பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?”

நான் சிரித்தேன். பாவா சிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, “செவப்புப்பட்டையே குடுப்பா” என்றார். “லென்ஸு, மச்சான் சொல்ற குட்டையே குடு.” பில் போடும் நேரத்தில் இன்னொன்று சொன்னார்: “ரெண்டு பில்லாப் போடு. பாடி அவன் வாங்குறான். லென்ஸ் நான் வாங்குறேன்.”

“சார், ரெண்டும் சேந்தாத்தான் படம் வரும்” என்றான் பையன், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல.

“தெரியும்பா. பாடி அவன்கிட்ட திருத்தணில இருக்கும். கண்ணு என்கிட்ட பள்ளிப்பட்டுல இருக்கும். ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா இவன் ஒண்டியா மலையச் சுத்திகினு இருப்பான்.”

அடிக்கடி கழற்றிப் பூட்டினால் உள்ளே தூசு இறங்கும் என்று பையன் எச்சரித்தான். நாங்கள் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரயிலில் ஜன்னலோரம் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புதுப் பெண்ணைக் கூட்டிவருபவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அரக்கோணம் தாண்டும்போது பாவா சொன்னார்.

“மச்சான், வூட்ல எனக்குப் பாக்குறாங்க. புத்தூர்ப் பக்கம். ரொம்ப நாளாவே சொல்லிகினு கீறாங்க. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னுதான்...”

எனக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எங்கே வலிக்கிறதோ அங்கே ஒரு ஜோக்கை ஒட்டிவிடுவேன், பிளாஸ்திரி மாதிரி. “நல்லதாப் பாத்து எடுங்க பாவா. பின்னாடி கலங்கக் கூடாது” என்றேன். அவர் என் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். “சிரிச்சே கொன்னுடுவடா நீ” என்றார். திருத்தணி வரும்வரை இருவரும் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

கல்யாணத்துக்கு அவர் கூப்பிட்டார், நான் போகவில்லை. போனால் என்ன உறவு சொல்லிப் பந்தியில் உட்காருவது? பழைய பெண்ணின் தம்பி என்று சொன்னால் எனக்குப் பாயசம் வைப்பவனுக்குக் கை நடுங்காதா? ஆனால் அடுத்த ஞாயிறே அவர் தூக்கோடு வந்துவிட்டார். அதுதான் பாவா.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் எங்கள் கேமரா வாழ்ந்தது. அவர் தூக்கைத் திறந்து, நூல் கழிவை விலக்கி, லென்ஸை எடுத்து ஊதுவார். நான் பாடியின் மூடியைக் கழற்றிப் பிடித்துக்கொள்வேன். திருகிப் பூட்டும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். முதல்நாள் மலையில் பூஜை போட்டு, குருக்கள் பாடியின் நெற்றியில் சந்தனம் வைத்தார். படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லாப் படத்திலும் வானத்தில் ஒரு நூல். மெல்லிசாக, வளைந்து, கேள்விக்குறி மாதிரி. பட்டம் அறுந்த நூல் என்றார் பாவா; கேபிள் டிவி ஒயர் என்றேன் நான். வேறு நாள், வேறு இடம், வேறு வானம். நூல் மட்டும் அதே இடத்தில். லென்ஸைப் பத்திரமாகக் கொண்டுவருகிறேன் என்று அவர் அடைத்த தறிக் கழிவில் ஓர் இழை, பூட்டும்போது உள்ளே போய்ப் படம் பதியும் தகட்டின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகத்தில் எந்தக் கேமராக்காரனும் லென்ஸைப் பஞ்சு பறக்கும் நூலில் சுற்றி எடுத்து வர மாட்டான் என்று அப்புறம் தெரிந்துகொண்டோம். “நம்ம முத்திரை மச்சான். யாரும் திருட முடியாது” என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார் பாவா.

நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கேமராவைக் கல்மேல் வைத்து, அதுவாக எடுத்துக்கொள்ளும்படி முடுக்கிவிட்டு, நான் அவர் பக்கத்தில் போய் நிற்பதற்காக ஓடினேன். போய்ச் சேருவதற்குள் அது கண்ணை மூடித் திறந்துவிட்டது. படத்தில் பாவா நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். என்னுடையது பின்பக்கம் மட்டும்: கழுத்து, சட்டை, வேட்டியைத் தூக்கிப் பிடித்த கை, அவரைப் பார்த்து ஓடுகிற ஒரு முதுகு. “உன் மொகத்த விட இது நல்லா வந்து கீது” என்றார்.

அவருக்குப் பையன் பிறந்தான். மொட்டையடித்துக் காது குத்தத் திருத்தணிக்குத்தான் வந்தார்கள். பையனைப் பெற்ற அந்த அம்மாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். நல்ல மனுஷி. வந்ததும் வராததுமாக, “அண்ணா, டிபன் ஆச்சா?” என்று கேட்டார். நான் ஒரு காலத்தில், அக்காவுக்குக் குழந்தை பிறந்தால் மடியில் உட்காரவைத்துக் காது குத்த நானே தாய்மாமன் என்று சொல்லி, தட்டில் என்னென்ன வைப்பேன் என்றெல்லாம் அவளிடம் அளந்துவிட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த அம்மாவின் தம்பி மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். புதுச்சட்டை, மடியில் அழும் குழந்தை. நான் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன். கேமராவுக்குப் பின்னால் இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டிருப்பதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

பிறகு குடும்பப் படம். புத்தூர் சனம் மொத்தமும் படியில் நின்றது. நான்தான் அடம்பிடித்து வாங்கவைத்த குட்டை லென்ஸ். அதில் நாலு முகத்துக்குமேல் அடங்காது. எல்லாரும் வர வேண்டுமென்றால் எடுப்பவன் பின்னால் போக வேண்டும். போனேன்.

“அண்ணா, எங்க அம்மா வர்ல போல. இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க” என்றார் அந்த அம்மா. போனேன். அம்மா வந்தார், சித்தப்பா விடுபட்டார். இன்னும் போனேன். பெரியப்பாவுக்காக மறுபடியும் போனேன். கடைசியில் கால் தடுக்கித் தேங்காய்க் கடைக் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். “யோவ், சாமிக்கு வெச்சிருக்கிற தேங்கா மேல குந்துற?” என்று கடைக்காரர் கத்த, படியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அமுக்கினேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. எல்லாரும் இருக்கிறார்கள். பாவா நடுவில், மொட்டைத் தலையோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். தலைகளுக்குமேல் வானத்தில் நூல்.

பஸ் ஸ்டாண்டில் மற்றவர்கள் ஏறிய பிறகு அவர் இறங்கி வந்தார். கையில் தூக்கு. தறிகளை விற்றாகிவிட்டது, சூரத்தில் மனைவி வழிச் சொந்தக்காரர் மில்லில் வேலை, குடும்பத்தோடு போகிறோம் என்றார். பிறகு தூக்கை நீட்டி, “இது உன்கிட்டயே இருக்கட்டும் மச்சான்” என்றார்.

“அது கண்டிசன்ல இல்லையே பாவா. கண்ணு உங்ககிட்ட இருக்கணும். வரும்போது எடுத்துனு வாங்க.”

“சூரத்துல இருந்து தூக்கத் தூக்கிகினு வரணுமா?” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “இனிமே ஒண்டியாவே எடுடா. நல்லா எடுப்ப.”

நான் ஏதாவது ஜோக் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அதோடு என் கேமரா முழுசானது. பாடியும் லென்ஸும் ஒரே வீட்டில், ஒரே அலமாரியில், கழற்றாமல் பூட்டியபடி. படம் எடுக்க யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அதனாலோ என்னவோ, எடுக்கவும் இல்லை. முதலில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் வந்தது. பிறகு தீபாவளிக்கு மட்டும். பிறகு நம்பர் மாறிவிட்டது. யாருடைய தப்பும் இல்லை. தூரம் அப்படித்தான். அவர் கேட்ட நீள லென்ஸையே வாங்கியிருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும். ஆனால் சூரத் வரைக்கும் தெரிகிற லென்ஸை மஞ்சப்பட்டையும் செய்யவில்லை, செவப்புப்பட்டையும் செய்யவில்லை.

போன ஞாயிறு, ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு எல்லா நாளும் ஞாயிறுதான் என்றாலும், கேமராவை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். மொட்டைக் குடும்பங்கள் இறங்கிவந்தன. ஆளாளுக்குச் செல்போனில் தங்களையே எடுத்துக்கொண்டார்கள். நான் யாரையும் எடுக்கவில்லை. வெறும் வானத்தை ஒன்று எடுத்தேன். சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நூல் இருந்தது, அதே இடத்தில்.

வீட்டுக்கு வந்து தூக்கை இறக்கினேன். நூல் கழிவு உள்ளேயே இருந்தது. புளித்த வாசனை போயிருந்தது. லென்ஸைத் திருகினேன். இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்ததில் கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் வந்தது. ஊதி, கழிவுக்கு நடுவில் வைத்தேன். பாடிக்கு அதன் மூடியைப் போட்டு அலமாரியில் பழைய இடத்தில் வைத்தேன். தூக்கின் மூடியை அழுத்தி மூடி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைத்திருக்கிறேன். வந்தால் முதலில் கண்ணில் படும் இடம் அது.

கீழ் வீட்டு அம்மாள் வாடகை வாங்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், கொழம்பா?” என்றார்.

“ஆங்” என்றேன். “பாவா கொண்டாந்தது.”